ஏற்றத்துக்குக் காட்டாமல்

இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போதுதான் அது.
எஞ்சின் கத்தும். ஊசி நாலாயிரத்தைத் தொடும்.
கார் மட்டும் யோசித்துக்கொண்டு நிற்கும்,
கடையில் சில்லறை தேடுகிறவர் மாதிரி.
பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிப்பான்.
பிறகு ஒரு குத்து.
பின்சீற்றிலிருந்து மகளின் தண்ணீர்ப் போத்தல்
என் காலடிக்கு உருண்டு வரும்.

கராஜ் வாசலில் மானொன்று
காட்போட் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
பௌசர் நானா கம்பியை உருவித் துணியில் துடைத்து
என் மூக்கருகே நீட்டினார்.
"மணந்து பாருங்க தங்கச்சி."
அடிப்பிடித்த பருப்பு.
பதினாறு வருடமாக ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
அடுத்தவர்களின் குப்பிகளை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள் நான்.
சிலதுக்கு மெஷின் தேவையில்லை,
நிறமே போதும்.

"ஒயிலை மாத்திப் பார்த்தா?"
"மாத்தலாம். மாத்தின அண்டைக்கே நிண்டாலும் நிக்கும்.
இப்ப அந்த ஊத்தையிலதான் புடிச்சி ஓடுது."

சிகரெட் பெட்டியைக் கிழித்து எழுதித் தந்தார்:
பிரித்துச் செய்ய மூன்றரை.
பஞ்சிகாவத்தைப் பழைய பொக்ஸ் இரண்டு,
கரண்டி ஒரு கிழமை.
மூன்றாவது வரியை எழுதாமல் வாயால் சொன்னார்:
"விக்கிறதெண்டா காலையில காட்டுங்க.
சூடேறினாத்தான் வழுக்கும்."

அந்த எழுதாத வரியோடு நாலு இரவு படுத்தேன்.
விற்ற காசுக்கு வேறொன்று வாங்கலாம்.
அதற்குள்ளும் யாரோ
காலையில் காட்டிய ஒரு வருத்தம் இருக்கும்.

ஞாயிறு ஆறரைக்கு
தம்பலகாமத்திலிருந்து நிமலகாந்தன் வந்தான்.
கூட வந்த சிநேகிதன் காந்தமொன்றை வைத்து
கதவு கதவாகப் பூச்சுத் தேடினான்.
ஸ்பெயார் டயரைக் குனிந்து தட்டினான்.
உள்துறைமுக வீதியில் ஓட்டிப் பார்த்தார்கள்.
தட்டையான வீதி. குளிர்ந்த கார்
பொய்யும் சொல்லாது, உண்மையும் சொல்லாது.
முற்பணம் ஐம்பதாயிரம் ஒரு கல்யாணக் கவரில் இருந்தது;
மாப்பிள்ளை பெயரை வெட்டியிருந்தான்.

"ஒருக்கா உவர்மலைக்கு ஏறிப் பார்ப்பம்" என்றேன்.
ஏன் சொன்னேன் என்று
இன்னும் எனக்குச் சரியாகத் தெரியாது.
நல்லவள் என்று நினைக்க வேண்டாம்;
பாதி ஏற்றத்தில், ஏசியையும் நானே போட்டபோது,
இன்றைக்கு மட்டும் பிடித்துக்கொள் என்று
உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தேன்.

அது கத்தியது. நின்று யோசித்தது. குத்தியது.

"அக்கா, இது…"
"ஓம். மூண்டு மாசமா."

ஒருவரும் பேசவில்லை.
கவர் மடிந்து சட்டைப் பைக்குள் போனது.
திரும்பி வருகையில், எனக்காகத்தான் இருக்கும்,
"இறக்கத்தில நல்லாத்தான் போகுது" என்றான்.
மூவரும் சிரித்துவிட்டோம்.

வவுனியாவிலிருந்து தங்கச்சி வதனி
போனில் விசரி என்றாள், இரண்டு தரம்.
பிறகு அவளே, "அப்ப என்ன செய்யப் போறாய்?"

பௌசர் நானாவுக்கு அடித்தேன்.
"பழைய பெட்டி வேண்டாம். பிரிச்சே செய்வம்.
ஆவணியிலதான் என்ர சீட்டு விழும்."
"அது மட்டும் ஏத்தத்துக்குக் காட்டாதீங்க" என்றார்.
முற்பணம் கேட்கவில்லை.

மகளின் ரியூசன் உவர்மலையில், மேலே.
இப்போது அடிவாரத்தில் இறக்கிவிடுகிறேன்.
முதல் நாள் முகத்தை நீட்டினாள்.
இன்றைக்கு, புத்தகப் பை முதுகில் ஆட,
பாதித் தூரம் ஏறித் திரும்பி நின்று
பொலிஸ்காரர் மாதிரிக் கையை அசைக்கிறாள்:
வா, வா, வா, பிடி, இன்னும் கொஞ்சம்.

நான் எஞ்சினை நிறுத்திவிட்டு
கண்ணாடியை இறக்குகிறேன்.
கீழே எங்கோ எதுவோ
சொட்டுகிற சத்தம் கேட்கிறது.
ஏசித் தண்ணீராகவும் இருக்கலாம்.