ஜாடி

பிப்ரவரி, இரண்டாம் சனி, வடக்கு மினசோட்டா.
ஏரிமேல் லாரி ஓட்டலாம், அவ்வளவு கனம் பனிக்கட்டி.
சங்கிலி ரம்பத்தால் சதுரமாய் அறுத்து
கொக்கி போட்டு இழுத்து
கல்லறைக்கல் விற்கிறவன் கடைபோல
கரையில் அடுக்கியிருக்கிறார்கள்.
நடுவே கறுப்பாய்த் தண்ணீர்,
ஒரு வகுப்பறை அளவு.

நான் வெர்லின் ஹௌகன். டயர் கடை.
வயது ஐம்பத்தொன்று, இடுப்பு நாற்பத்து நான்கு.
கல்லாவுக்குப் பக்கத்தில் ஆறு வாரமாய்
ஊறுகாய் ஜாடி ஒன்று:
'வெர்லின் உறைவதைப் பார்க்க ஒரு டாலர்.
ஹாக்கி அணிக்கு.'
வந்தவர்கள் எல்லோரும் போட்டார்கள்.
பால்பண்ணை ஓர்வில் மட்டும் இருபது போட்டான்,
'மேலே வராமல் பார்த்துக்கொள்' என்று.
டிராக்டர் டயர் விலையை அவன் மறக்கவில்லை.

வங்கி மேலாளர் கோழி வேஷத்தில் குதித்தார்.
இரண்டு ஆசிரியைகள் கைகோத்துக் குதித்தார்கள்.
ஆம்புலன்ஸ்காரன் என்ஜினை அணைக்கவே இல்லை.
என் முறை வந்தது.
யாரோ என் மூச்சை என் பையிலிருந்து உருவி
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து
வேண்டாமென்று திரும்பப் போட்டார்கள்.
அவ்வளவுதான் நினைவிருக்கிறது.
ஏணி. கைதட்டல். முட்டியில்லாத கால்கள்.

துண்டு கொடுத்தது டார்லிஸ் கிவெலா.
அணியின் கோல்கீப்பர், முப்பத்து நான்கு வயது,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம்;
அவள் மடித்த துண்டில் மூலைக்கு மூலை பிசகாது.

'ஏன் குதிச்சே?'
'உங்களுக்காகத்தான். பணம் சேர்க்க.'
'பணம்தான் ஜாடியிலேயே இருந்ததே.'
என் பற்கள் மட்டும் ஏதோ பதில் சொன்னன,
டக டக டக.
'செவ்வாய், ஆறரை மணி. ஸ்கூல் ஜிம்.
எனக்கு எதிரா அடிக்க ஆள் பத்தலை.
பின்வாசல்ல வா. முன்னாடி பூட்டியிருக்கும்.'

செவ்வாய் வந்தது. நான் போகவில்லை.
அடுத்த செவ்வாய் அணியின் வேனுக்கு
நாலு டயர் அனுப்பிவைத்தேன்,
பனிக்கால டயர், புத்தம் புதுசு, பில் போடாமல்.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாவது வாரம், பனி கொட்டும் மதியம்,
வேலை முடிந்து நடந்தே கடைக்கு வந்தாள்.
பூட்ஸைத் தட்டிவிட்டு, கல்லாவில் இரு கையும் ஊன்றி:
'டயர் நல்லா இருக்கு.
நீ வரலை.'

போனேன். பின்வாசல்.
நடுவில் ஓட்டை விழுந்த கம்பளி வட்டு,
அதில் கழியைக் கொடுத்துத் தள்ளவேண்டும்.
முதல் அடியைப் பூப்போல அனுப்பினேன்.
டார்லிஸ் காலாலேயே நிறுத்தினாள். முகமூடியைத் தூக்கினாள்.
'என்ன இது? ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறியா?'

காது சூடேறியது.
அப்புறம் அடித்தேன்.
நட்டுக் கழற்றுகிற தோளோடு, நிஜமாக.
இருபத்து மூன்று முறை.
இருபத்திரண்டை மறித்தாள்: மட்டையால், முழங்காலால்,
ஒன்றை வயிற்றால்.
ஒன்று உள்ளே போனது.
அதற்கு அவள் சொன்ன வார்த்தையைக் கேட்டு
பயிற்சியாளர் விசில் ஊதினார்.

ஜாடி இன்னும் கல்லாவுக்குப் பக்கத்தில்தான்.
சீட்டு மாறிவிட்டது, எழுத்து டார்லிஸுடையது:
'வெர்லின் போட்ட கோல் 1.
பார்த்துச் சிரிக்க ஒரு டாலர்.'
பனி உருகி ஏரியில் படகுகள் வந்தபின்னும்
ஓர்வில் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான்,
'இரண்டாவது போடு, நாற்பது தருகிறேன்.'

செவ்வாயன்று டார்லிஸிடம் சொல்லிப் பார்த்தேன்:
நாற்பது டாலர். மாநிலப் போட்டிக்கு
வேனுக்குப் பாதி டாங்கு டீசல்.
அணிக்காகத்தானே, ஒன்றே ஒன்று,
கண்ணை மூடிக்கொள்ளேன்.

யோசித்தாள்.
உண்மையிலேயே யோசித்தாள்,
முழங்கால் உறையின் பட்டையை
ஒருமுறை அவிழ்த்து இறுக்கிக் கட்டும் நேரம்.

'ம்ஹூம்,' என்றாள்.
'அடி.'