ஏழு கட்டம்

ராத்திரி ரெண்டேகால்.
கம்பம்மெட்டு மலையிறங்கி வந்து நின்றது ஜீப்.
பின்சீட்டில் மொக்கராசு,
அவர் காலடியில் ஒரு பெயிண்ட் வாளி.
பாதி வாளி.

"எவ்வளவு குடிப்பார்?"
சீட்டு எழுதுகிறவர் கேட்டார்.
"டீ குடிப்பார்," என்றாள் தவமணி.
காமாலைக் கிருமி தின்ற ஈரல் அது.
சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

வாளியைத்தான் எல்லோரும் பார்த்தோம்.
நானும்.
ரெண்டு கையிலும் ஊசி, சலைன்,
ரத்தக் குழாயைச் சுருக்குகிற மருந்து.
ரத்தம் கேட்டுத் தேனிக்கு ஃபோன்;
குழாய் விட்டுப் பார்க்க அங்கேதான் ஆள் உண்டு.
நூற்றெட்டு இன்னும் உத்தமபாளையம் தாண்டவில்லை.
இதற்கு நடுவில் டாக்டர் ஷெர்லின்,
வாளி பக்கம் திரும்பாமலே,
"சிஸ்டர், செஃப்ட்ரியாக்சோன் ஒரு கிராம்.
இப்பவே."

தவமணி மருந்துக் குப்பியை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"காய்ச்சலே இல்லையே.
இது கிருமிக்குப் போடுறதுதானே?"

குடலுக்குள் எப்போதும் குடியிருக்கிற கிருமிகள்,
ரத்தம் கொட்டுகிற நாளில் சுவர் நெகிழ்வது,
வயிற்று நீருக்குள் அவை இறங்குவது,
நல்ல ஈரலென்றால் மறித்து நிறுத்தியிருக்கும் என்பது,
இப்படி ஏதோ உளறினேன்
குப்பியைக் குலுக்கிக்கொண்டே.

கொஞ்ச நேரம் பேசவில்லை அவள்.
"ஒரு மாசி மாசம் ஏலக்கா லாரி கவுந்துச்சு, சிஸ்டர்.
அன்னைக்குச் செக்போஸ்ட்ல இவருதான்.
அத்தனை டார்ச்சும் லாரி மேல.
கட்டைய விட்டுட்டு இவரும் ஓடினாரு.
விடிஞ்சு பாத்தா
பின்னாடி ஒத்தயடிப் பாதையில
ரேசன் அரிசி சிந்திக் கெடக்கு
கேரளா பக்கமா.
எறும்பு வரிசைய வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க."

ஆமா, என்றேன்.
அப்படித்தான்.

மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து.
நாடி நூற்றிருபத்தெட்டு.
அவர் கண்ணைத் திறந்து
"கேட்டைச் சாத்தியாச்சா?" என்றார்.
ஈரல் கெட்டால் நினைவும் குழம்பும்,
அதனாலும் கேட்டிருக்கலாம்.
"சாத்தியாச்சு, படுங்க,"
அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

தேனிக்கு எழுதிய சீட்டின் பின்பக்கம்
கோணல்மாணலாய் ஏழு கட்டம் போட்டேன்.
முதல் கட்டத்தில் 2.40, ஒரு டிக்.
"ரத்தம் நின்னதும் இத மறந்துருவாங்க.
நாளைக்கும் கேளுங்க.
நாளன்னைக்கும்."

ஐப்பசியில் வந்தாள்.
மலைக்குப் போகிற ஜீப் வாசலில் ஹாரன் அடிக்க
சீட்டை நீட்டினாள்.
ரத்தக் குழாய்க்கு ரப்பர் வளையம் போட்டார்களாம்.
ஏழு கட்டத்திலும் டிக்;
நாலாவது மட்டும் பென்சில்.
ஞாயிற்றுக்கிழமை, வார்டில் யாருமில்லை,
மூணு மாடி ஏறி இறங்கிக்
கூட்டிவந்து போடவைத்தாளாம்.

அப்புறம் என்ன ஆச்சு, என்றேன்.
"ஒண்ணும் ஆகல."

சீட்டைத் திரும்ப வாங்கி
நாலாய் மடித்துப்
பர்சுக்குள் வைத்துக்கொண்டாள்.