ஜன்னலை மூடத் திரும்பியவள்

"அப்பா, இந்த வருஷம் இதற்கு மேல் ஒரு படம் வராது"
என்று நான் சொல்வது இது நான்காவது முறை.
ஆகஸ்ட்கூட முடியவில்லை.

வில்மார், என் அப்பா,
மாத்தே குவளையில் வெந்நீர் ஊற்றுகிறார்.
முப்பத்தொரு வருஷம் மொண்டேவிடியோவில்
பேருந்து ஓட்டிய கை,
ஒரு துளி வெளியே சிந்தாது.
"பியானோ திருடன் படத்துக்கும் இதையேதான் சொன்னாய்."
அது போன மாதம், அப்பா.
இது வேறு.

எழுந்து நின்றால்தான் எனக்குப் படம் சொல்ல வரும்.
நாற்காலியைக் கவிழ்த்துப் படகாக்குகிறேன்.
படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற பெண்,
பேசாத புருஷன்,
ஆறு முழுக்க மூடுபனி.
அடுப்பில் பால் பொங்குவதையும் கவனிக்காமல்
கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டேன்:

பெட்டியோடு கிளம்புகிறாள். இனி வரமாட்டாள்.
தெருமுனை வரை போய்விட்டாள்.
பெட்டியைக் கீழே வைக்கிறாள்.
திரும்பி நடந்து வந்து
சமையலறை ஜன்னலை மூடிவிட்டு
மறுபடி போகிறாள்.
மழை வரப்போகிறதாம்.
அவளுடைய வீடே இல்லை இனி அது,
ஆனாலும், அப்பா, ஆனாலும்!

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.
அவர் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்துக் கேட்டார்:
"பெட்டியைத் தெருவிலேயா வைத்தாள்?
யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லையா?"

இப்படித்தான்.
யுத்தப் படம் சொன்னால்
அந்தப் பையன்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பார்.
பியானோ திருடனைப் பற்றி அவர் கேட்டது
எத்தனையாவது மாடி, லிஃப்ட் ஓடியதா.
உன் அப்பாவுக்கு சினிமா தெரியாது என்றாள் யானெத்.
அவளோடு இரண்டு வாரம் பேசவில்லை.

தியேட்டருக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்.
"இருட்டில் ஓட்டினால் தூங்கமாட்டேன்,
இருட்டில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன்."

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றுக்கு ஃபோன்.
"பார்த்துவிட்டேன்."
எதை?
"உன் படகுக்காரியை. தனியாகத்தான் போனேன். தூங்கவில்லை."
எனக்குப் படுக்கையில் உட்கார முடியவில்லை.
எப்படி? எப்படி இருந்தது?
பின்னால் காற்று. ரம்ப்லாவில் நின்று பேசுகிறார் போல.
"ஜன்னல் இல்லை" என்றார்.

"பெட்டியைத் தூக்குகிறாள், போகிறாள்.
அவ்வளவுதான். பெயர்கள் ஓடுகின்றன.
கூட்டுகிற பையன் வந்து
காலைத் தூக்குங்கள் தாத்தா என்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.
பக்கத்து இருக்கை அம்மாளிடம்கூடக் கேட்டேன்.
இல்லை."

இருக்கிறது என்று நான் கத்தினேன்.
நடுவில் கண்ணயர்ந்திருப்பீர்கள் என்றேன்.
அடுத்த புதன்கிழமை, பாதி விலை நாள்,
மழையில் நனைந்து போய்
மறுபடி டிக்கெட் எடுத்தேன்.

இல்லை.
அவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.
பெட்டி பச்சை நிறம்; நான் பழுப்பு என்று சொல்லியிருந்தேன்.
மழைக்கான மேகம் கூட
அந்த வானத்தில் கிடையாது.

ஞாயிறன்று போய் ஒப்புக்கொண்டேன்.
வெற்றிக் களை இல்லை அவர் முகத்தில்.
கோபம்தான்.
"எடுத்தவனுக்குத் தெரியவில்லை.
திறந்த ஜன்னலை விட்டுவிட்டு
எவளாவது போவாளா?"
போவாள், அப்பா. அதுதான் அந்தப் படம்.
திரும்பாமல் போகிறாள் பாருங்கள்,
அந்த முதுகு இருக்கிறதே, அந்த முதுகு!
"முதுகாம். தரையெல்லாம் நனையும்."
நனையட்டும்!
"மரத்தரை."
நனையட்டுமே!

கெண்டி ஆறிப்போயிற்று.
கீழ்வீட்டு சுல்மா தடியால் உத்தரத்தை இடித்தாள்.
நாங்கள் குரலைத் தாழ்த்தி
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

கிளம்பும்போது கோட்டை மாட்டிவிட்டபடி கேட்டார்,
அடுத்த வாரம் என்ன போட்டிருக்கிறான் என்று.
ஒரு பல் வைத்தியரும் ஒரு கழுதையும், அப்பா.
எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள்.
சேர்ந்தே போவோமா?

யோசித்தார்.
பழைய நாளில் நடுவழியில் ஏறும்
டிக்கெட் பரிசோதகர் மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:
"நீ முதலில் போய் வந்து சொல்.
நான் பிறகு போய்ச் சரிபார்க்கிறேன்."