கவனக்குறைவு

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மெயின் ரோடு.
கார்களுக்கு ரப்பர் வளையம் வார்க்கிற கம்பெனி எங்களுடையது.
எங்களுடையது என்று பழக்கத்தில் சொல்கிறேன்.
அறிவிப்புப் பலகையில் எழுதுவது என் வேலை.
கையெழுத்து நன்றாக இருப்பதால்
மாதம் முந்நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறார்கள்.

சந்தானகோபால் சாருக்குச் சொல் பஞ்சம் கிடையாது.
தீபாவளிக்கு முந்தின ஞாயிறும் வேலைக்கு வரச் சொல்கையில்
"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார்.
போனஸ் கேட்டால் "நாங்கள் பரிசீலிக்கிறோம்."
நாமுக்கும் நாங்களுக்கும் நடுவே
ஒரு கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி.
பார்க்கலாம் என்றால் இல்லை என்று பொருள்.
பார்ப்போம் என்றால் இல்லவே இல்லை.
இதெல்லாம் நாங்கள் சிரித்துப் பழகியதுதான்.

சிரிக்க முடியாமல் போனது ஜனவரியில்.
நாலாம் பிரஸ்ஸில் முனிரத்தினத்தின்
வலக்கை மோதிர விரல் பாதியோடு நின்றது.
காவல் தகடு உடைந்திருப்பதை
குறைப் பதிவேட்டில் மூன்று முறை எழுதியிருந்தான்,
மூன்று முறையும் பச்சை மையில், தேதி போட்டு.
மறுநாள் காலை சார் சொல்லச் சொல்ல எழுதினேன்:
"ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து.
அனைவரும் கவனமாக இருக்கவும்."
பாதி வார்த்தையில் சாக்பீஸ் முறிந்தது.
புதிது எடுத்து முடித்தேன்.
ஒற்றெழுத்தின் புள்ளிகூடத் தவறவில்லை.

யாரும் சண்டை போடவில்லை, கொடி பிடிக்கவில்லை.
பதிவேட்டில் எழுதுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.
பியூலா சூட்டு அச்சில் முழங்கையைச் சுட்டுக்கொண்டு
"வீட்ல தோசைக்கல்லு" என்றாள்.
எண்ணெய் சொட்டிய இடத்தில்
யாரோ சாக்கு விரித்துவிட்டுப் போனார்கள்.
பதினோரு மாதம் பதிவேடு வெள்ளை.
"குறைகள் ஏதுமில்லை" என்று
சார் மேலிடத்துக்கு எழுதினார்.
கேடயம் ஒன்று வந்தது. துடைப்பதும் நான்தான்.

டிசம்பர் மழையில் கொரட்டூர் சுரங்கப்பாதை மூழ்கி
பாதிப் பேர் ஷிப்டுக்கு வராத நாள்.
ஆய்வுக்கு வந்த அம்மா பதிவேட்டைப் புரட்டி
"பதினோரு மாசமா ஒரு போல்ட்டுகூடக் கழலலையா?" என்றார்.
சார் எங்களைப் பார்த்தார்.
நாங்கள் தரையைப் பார்த்தோம், ஈரச் செருப்புத் தடங்களை.

அவர் போனபின் சார் நின்றபடியே பின்னோக்கிப் புரட்டினார்.
ஜனவரி. பச்சை மை.
மூன்றாவது பதிவின் கீழே
அவருடைய சுருக்கொப்பம் இருந்தது.

மறுநாள் நான் வருவதற்குள் பலகை நிறைந்திருந்தது,
கோழி கிளறிய மாதிரி:
"நாலாம் பிரஸ் காவல் தகடு உடைந்திறுந்தது.
முனிரத்தினம் மூன்று முறை எழுதினார்.
நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்."

றகரம் தப்பு. கை பரபரத்தது, திருத்தவில்லை.
யாரையும் எழுதவைக்கவில்லை என்பதற்கு
அந்தப் பிழையைவிட வேறு சாட்சி எது?
எங்களுக்குள் அவன் அவன்தான்.
பலகையில் அவர் ஆனது இதுதான் முதல் தடவை.
"எழுதினார்" என்று ரஹ்மத் இரண்டு முறை
வாய்விட்டுப் படித்தாள்.

கைதட்டல் இல்லை.
முனிரத்தினம் டிபன் பையோடு வெகுநேரம் நின்றான்.
"தேதி போடலையே" என்றான்.
சாக்பீஸ் எடுத்துப் போனேன்.
எந்தத் தேதி? ஜனவரியா, இன்றா?
கேட்கத் திரும்பினால் மெஷினுக்குப் போய்விட்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை பதிவேட்டில் ஒரு வரி:
"டீ மெஷின் பக்கம் தரை வழுக்குது."
பெயர் இல்லை. பென்சில் எழுத்து,
வேண்டாமென்றால் அழித்துவிடலாம்.
நாளுக்கு இரண்டு முறையாவது போய்ப் பார்க்கிறேன்,
இருக்கிறதா என்று.