தோணிக் கூலி

புதுவயலில் இரவு அவியல் நடக்கும் ஆலையில்
பெல்ட் நழுவினால் எனக்குத்தான் ஆள் வரும்.
எஞ்சின் சத்தம் சற்றே இறங்கும்போதெல்லாம்
என் காது தானாக ஒரு மணியைத் தேடும்.
இங்கே மணி இல்லை.

மூட்டை தூக்குகிறவர்கள் பீடி நேரத்தில்
சண்டையைப் பற்றிக் கேட்பார்கள்.
நான் சண்டையைப் பார்த்ததே இல்லை.
அரக்கான் கழிகளில் பதினோரு ராத்திரி,
பதினொன்றிலும் தளத்துக்குக் கீழே,
இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே
முழங்கால் இரண்டும் சுட உட்கார்ந்திருந்தேன்.
ஒரு மணி அடித்தால் மெதுவாக.
இரண்டு என்றால் நிறுத்து.
மூன்று அடித்தால் இருப்பதையெல்லாம் கொடு.

மெதுவாகப் போவதுதான் பயம்.
இருமலை அடக்குகிறவன் மாதிரி படகு ஊரும்.
அலையாத்தி வேர்கள் பக்கப்பலகையைச் சுரண்டும்.
மேலே யாரும் பேசமாட்டார்கள்.
ஒரு மரத்து மின்மினியெல்லாம்
ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும் என்று
பீரங்கிக்காரன் மாத்தன் சொன்னான்.
அதையும் நான் பார்க்கவில்லை.

தாரண வருஷம், மார்கழிக் கடைசி, நிலா இல்லை.
மூன்று மணி.
கொடுத்தேன்.
தலைக்கு மேலே தோட்டாக் கூடுகள்
பித்தளைச் சொம்புகள் படியில் உருண்டாற்போல.
நான்கு நிமிடம்.
பிறகு இரண்டு மணி.
"சம்பான்தான்," மாத்தன் குனிந்து சொன்னான்,
"ஜப்பான்காரனுக்கு அரிசி."

விடியலில் காற்றுக்காக மேலே வந்தேன்.
அரிசி மிதக்காது.
மிதந்தது மெழுகுசீலைச் சுருள் ஒன்று.
கொக்கியால் இழுத்து அவிழ்த்தால்
சிவப்புத் துணி அட்டை, பிள்ளையார் சுழி,
கீழே ஒரு கடையின் விலாசம்: காத. பெரி. சித.
அதற்கும் கீழே ஊர். புதுவயல்.
அந்தப் படகில் தமிழ் படிக்கத் தெரிந்தவன்
நான் ஒருவன்.
யாருக்கும் சொல்லவில்லை.

தொண்டிக்குத் திரும்பி எட்டு மாதம்
பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன்.
பிறகு தேவகோட்டை வழியாகப் பஸ் ஏறினேன்.

வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிந்தது.
முப்பது வயது இருக்கும் அவளுக்கு. உமையாள்.
தூணோரம் என்னை நிற்கவிட்டுப் பேரேட்டை வாங்கினாள்.
தூண் பர்மாத் தேக்கு.
கை வைத்துப் பார்த்து, எடுத்துக்கொண்டேன்.

அழவில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து படித்தாள்.
பற்றுப் பத்தியின் கடைசி வரி:
தோணிக்காரன் கூலிக்கு முன்பணம், ரூபாய் நாற்பது.
"நாற்பது ஜாஸ்தி" என்றாள். "ஏமாந்திருக்கிறார்."
விரல் கீழே இறங்கி வெற்றிடத்தில் நின்றது.
"கூட்டுத்தொகை போடவில்லை.
அப்படி விடுகிறவர் இல்லையே."

எங்கே கிடைத்தது?
தண்ணீரில்.
யார் சுட்டது?
நான் கீழே இருந்தேன், ஆச்சி.
அவள் நிமிர்ந்தாள்.
"வேகம் கீழிருந்துதானே வரும்?"

முற்றத்தில் வற்றல் காய்ந்தது.
காக்கை வந்து உட்கார்ந்து, வேண்டியதைத் தின்றது.
யாரும் விரட்டவில்லை.

பேனாவும் மைக்கூடும் வரவழைத்தாள்.
அதே பக்கம், அதே பத்தி, அந்த நாற்பதுக்குக் கீழே
அவள் கை எழுதியது:
பேரேடு கொண்டுவந்தவருக்குப் பஸ் கூலி, எட்டணா.
பெயர் கேட்டாள். சந்தியாகு என்றேன்.
எழுத்துக்கூட்டி எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.
அவளும் கூட்டுத்தொகை போடவில்லை.
ஈரம் காயும்வரை மூடாமல் வைத்திருந்தாள்.

அந்த எட்டணாவுக்கு நான் பஸ் ஏறவில்லை.
ஆலையில் எஞ்சினுக்கு ஆள் தேடினார்கள்,
மறுநாளே சேர்ந்துவிட்டேன்.
இப்போது அதை ஐம்பது நயா பைசா என்கிறார்கள்.
தகரப் பெட்டியில் அப்படியே இருக்கிறது, கறுத்து.

ஊருக்கு ஏன் போகவில்லை என்று
புதுப் பையன் ஒருவன் கேட்கிறான்.
பெல்ட் மறுபடி நழுவுகிறது.
எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு
கீழே இறங்குகிறேன்.