கானாடுகாத்தான் விலக்கு

பில் தாளின் பின்பக்கம்தான் என் அகராதி.
முன்பக்கத்து அச்சு மூணு மாசத்தில் வெளிறிவிடும்,
லிட்டரும் தேதியும் போய்விடும்.
பின்னால் பென்சிலில் எழுதியது மட்டும் நிற்கிறது:
இறுதிநிலைப் பயன்பாடு.

அஞ்சல்வழி எம்.ஏ., பொருளியல், முதல் தாள்.
மத்தியானம் ரெண்டு மணிக்கு
திருச்சி ரோடு கானலாய் நெளியும்போது
ரெண்டாம் பம்பின் நிழலில் உட்கார்ந்தால்
பத்திக்கு மூன்று சொல் இடறும்.
வார் அறுந்த செருப்போடு நடப்பதுபோல
நின்று நின்று போகிறேன்.

இறுதிநிலை என்றதும்
சிவகங்கை ஆஸ்பத்திரிதான் வந்தது.
அப்பாவின் கட்டில், கால்மாட்டில் தொங்கிய அட்டை.
அந்த நிலையில் யாருக்கு என்ன பயன்பாடு என்ற கோபத்தில்
ஒரு வாரம் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.
பிறகு சேவுகன் வாங்கிவந்த பொட்டலத்தில்
நாலாவது பஜ்ஜியை நான் தள்ளிவைத்த நிமிஷம்
புரிந்தது.
சாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
இன்னும் ஒன்று எடுத்தால்
இன்னும் எவ்வளவு ருசி,
அவ்வளவுதான் கேள்வி.

சமநோக்கு வளைகோடு இன்றுவரை பிடிபடவில்லை.
வளைந்தபின் எப்படிச் சமமாய் நோக்கும்?

'பிற மாறாதிருக்கையில்' என்றுதான்
எல்லா விதியும் வாய் திறக்கிறது.
எந்தப் பிற?
விடிகாலை ஆறுக்கு விலைப்பலகை தானாக மாறுகிறது.
முதலாளி வயிரவன் மாறினார், அவர் மருமகன் வந்தார்.
அரண்மனை பார்க்க வழி கேட்கும் கார்க்காரர்களின்
பாஷைகூட வாரத்துக்கு வாரம் வேறு.

தேவை விதியின் விலக்குகள்.
இதற்கு அகராதி எதற்கு?
தினமும் கண்டக்டரிடம் சில்லறை நீட்டிச் சொல்கிற சொல்லாயிற்றே:
"கானாடுகாத்தான் விலக்கு ஒண்ணு."
பெரிய ரோடு தன் போக்கில் போக
ஒரு கிளை மட்டும் திரும்பிக்கொள்ளும் இடம்.
பரீட்சையில் அப்படியே எழுதிவைத்தேன்.
ரிசல்ட் இன்னும் வரவில்லை.

நெகிழ்ச்சிதான் ஏமாற்றியது.
பணி ஓய்வு விழா மைக்கில்
குரல் உடைகிறவர்களின் சொல் என்றிருந்தேன்.
புத்தகத்தில் அது விலையோடு கட்டிய கணக்கு;
அதிலும் ஒரு வகை, ஓரலகு நெகிழ்ச்சி.
மூன்று தரம் படித்தேன். பென்சிலைக் கடித்தேன்.
தாளில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆறு அடித்து ஐந்து நிமிஷம்.
பலகையில் புது விலை.
பள்ளத்தூர் சவரிமுத்து வந்தார்,
எக்ஸெல்லின் பின்னால் மீன் பெட்டி கட்டி.
ஆறு வருஷமாக அவர் வாயில் ஒரே சொல்:
"நூறுக்கு."
ஏறினாலும் நூறு, இறங்கினாலும் நூறு.
வண்டிக்குள் போவதுதான் கூடும், குறையும்;
கையை விட்டுப் போவது நூறேதான்.

அட, இவர்தானா!

உங்களுக்குப் புத்தகத்தில் ஒரு பேர் இருக்குண்ணே
என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது.
அவர் மேல்பையிலிருந்து
எட்டாக மடித்த நோட்டை
நனைந்த விரல்களால் பிரித்துக்கொண்டிருந்தார்,
அவசரமே இல்லாமல்.

குழாயை எடுத்தேன்.
"ஜீரோ பாத்துக்குங்கண்ணே."