பதினோராம் வளைவு

அடிவாரம் செக்போஸ்ட்டில் நல்ல பிள்ளை.
குரங்குகள் வண்டியைப் பார்க்கும், நான் குரங்குகளை.
ஐந்தாம் வளைவு, ஆறு, ஏழு,
ஒரு முனகல் கிடையாது.
பதினொன்றில்
இடப்புறம் ஒடித்து ஏறும்போது
தொண்டையைச் செருமும்.
பிறகு இருமல்.
பிறகு, பின்னால் வரும் பேருந்துக்காரன்
என் வம்சத்தையே விசாரிக்கும்படி
ஒரு நிற்றல்.

எண்பத்தாறாம் வருடத்துப் பத்மினி.
பின்சீட்டில் வைக்கோல் சுற்றிய பியூரெட்டுகள்,
பிப்பெட், ஒரு கேன் அமிலம்.
ஏற்காட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு
மாதம் இருமுறை சப்ளை.
எதையும் சொட்டுச் சொட்டாய் அளக்க
என்னிடம் கண்ணாடி இருக்கிறது.
காற்று பதினைந்து பங்கு, பெட்ரோல் ஒன்று:
இதற்கு மட்டும்
பெட்டியில் ஒன்றுமில்லை.

செவ்வாய்ப்பேட்டை முஸ்தபா பிளக்கைக் கழற்றினார்.
அடுப்புக்கரி.
"குடிக்குது சார், கண்டபடி குடிக்குது."
ஜெட்டைச் சின்னதாக்கினார்.
"மேல எவனோ ஸ்க்ரூவத் திருகிக் கெடுத்திருக்கான்."
மேலே, ஏரிக்குப் போகும் வழியில், செலஸ்டின்
பானெட்டுக்குள் காதை விட்டுக் கேட்டார்.
"மலைக்காத்து மெலிசு. கீழ இருக்கவனுக்கு அது எங்க தெரியும்?"
அரைத் திருகு.
அவர் கடைவாசலில் பிசிறில்லாமல் ஓடியது.
முஸ்தபா கடைவாசலிலும் அப்படித்தான் ஓடியது.
இரண்டு வாசலும் சமதரை.

மிதவை, ஊசி வால்வு, பாயின்ட், கண்டென்சர்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசீது.

ஆவணியில் ஒரு புதன்கிழமை,
பனி ரோட்டுக்கு இறங்கியிருந்தது.
பதினொன்றில் நின்றதும்
பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.
மைத்துனி பூங்கோதையை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து
ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து,
முதல் கியரில், கிளச்சைப் பாதி விடச் சொன்னேன்.
என்ஜின்
பல்வலிக்காரன்போல ஒருபக்கமாய்ச் சாய்ந்தது.
சோக் வயர் விறைத்தது.
அதன் நுனியில் அந்தச் சின்ன லீவர்
ஒரு நெல்மணி அகலம்
திறந்தது.
கரும்புகை.

அவளும் எட்டிப் பார்த்தாள்.
"யாரு இவ்ளோ குட்டையா வயர் மாட்டுனது?"

போன தீபாவளிக்கு முந்தின வாரம்.
பழையது அறுந்துபோக
சூரமங்கலத்துப் பழைய சாமான் கடையில்
வேறெதற்கோ செய்த வயர்.
இழுத்துப் பிடித்தால் எட்டியது.
அறுபது ரூபாய் மிச்சம்.
நான்தான்.

வயரைக் கழற்றிவிட்டேன்.
இப்போது வண்டி பட்டினியில் உதறியது.
நோய் போய்விட்டது,
மருந்துதான் உள்ளே மிச்சம்.
ஸ்க்ரூவை முட்டும்வரை மூடி,
ஒன்றரைச் சுற்று பின்னால்,
இன்னும் ஒரு கால்.
லாரிகள் ஹாரன் அடித்துக் கடந்தன.
கால் சுற்றில் பாதி.
அங்கே
அது மூச்சு விட்டது.

"யாரு பார்த்தது?" என்றார் செலஸ்டின்.
"கீழ முஸ்தபா."
அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் முஸ்தபாவும் அதையே கேட்டார்.
"மேல செலஸ்டின்" என்றேன்.
"பழைய ஜெட்டையே போடச் சொன்னாரு."
பூங்கோதை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
கைக்கரியைத் துடைத்தபடி
கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
பிறகு
துரு ஏறிய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து
நட்டு, வாஷர், உடைந்த ஸ்பிரிங்குகளுக்கு நடுவே
ஒற்றை விரலால் கிளறி
என் ஜெட்டை எடுத்தார்,
காகிதத்தில் பொதிந்து,
என் வண்டி நம்பர் எழுதி
வைத்திருந்தார்.